ஒரு வருஷத்துக்கு மட்டும் போடுங்க, சார்

புது வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பூரித்துப்போய் நிற்கிற மனிதரிடம் போய், "நடுவழியில் இது நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிற தொழில் என்னுடையது.

பெங்களூரின் ஓரத்தில், சந்தாபுராவில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு பைக் ஷோரூமில், சர்வீஸ் பகுதிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை உண்டு. நான் விற்பது ரோட்சைடு கவர். வருடத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டால், வண்டி எங்கே நின்றாலும் ஒரு போன் செய்தால் போதும். பஞ்சர் போட, பெட்ரோல் கொண்டுவர, செத்த பேட்டரியை எழுப்ப ஆள் வரும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பார்கள். "இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று எல்லோரும் சொல்வார்கள். அது இடித்தால், இது நின்றால் என்று நானும் எல்லோருக்கும் சொல்லுவேன். என் உத்தியோகத்தில் பாதி இந்த ஒரு வரிதான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் சனிக்கிழமை மத்தியானம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டுகிற கூட்டம் என்று எனக்குத் தெரியும். நானும் அதே கூட்டம். என் மனைவி அம்பிகா அரூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகி ஆறு வருடமாக அவள் அங்கே, நான் இங்கே. ஓசூர் பக்கம் அவளுக்கு மாறுதல் கிடைத்தால் போதும். சந்தாபுராவில் குடியிருந்துகொண்டு அவள் தினமும் பஸ் ஏறி எல்லையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வருவாள். வருடா வருடம் இடமாறுதல் கலந்தாய்வு நடக்கிறது. வருடா வருடம் அவளுக்கு முன்னால் நிற்கிற சீனியர்கள் ஓசூரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ அரூருக்குப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தேன். அங்கே கிடைத்த சம்பளத்தை வீட்டுக் கடன் முழுசாக விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

இழுத்துப் போகிற திசை

கவர் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எவ்வளவு தூரம் வரை சும்மா இழுப்பீர்கள், வருடத்தில் எத்தனை தடவை கூப்பிடலாம், மாநில எல்லையைத் தாண்டினாலும் வருவீர்களா, பஞ்சர் போட்டால் ட்யூப் காசு யாருடையது. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கீ செயின் இலவசமா என்று கேட்பார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடும்.

எல்லாவற்றையும் கேட்ட ஒரே ஆள் தினேஷ். வாணியம்பாடிக்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகி இரண்டு மாதம். பெண்டாட்டி இன்னும் ஊரில் இருந்தாள். போனில் மேப்பைத் திறந்து மேஜைமேல் வைத்து, வீட்டுக்குப் போகிற பாதையை விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு ஊராக விசாரித்தார். ஓசூரில் நின்றால்? ஆள் வரும். சூளகிரியில்? வரும். கிருஷ்ணகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்? வரும், ஆனால் எங்கள் விதிப்படி பக்கத்தில் எந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறதோ அங்கேதான் கொண்டுபோவார்கள் என்றேன். அப்படியானால் கிருஷ்ணகிரிக்கே திரும்பவா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் விரல் மேப்பில் அப்படியே நின்றுவிட்டது.

கூடுதலாகக் கட்டினால் முன்பக்கமாக இழுத்துப் போகிற திட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்திருந்தால் முதலில் நானே எடுத்திருப்பேன் என்று சொல்லவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, கம்பெனியே என் கையில் இருப்பது மாதிரி ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"சார், எவ்ளோ நேரம் ஆனாலும் வெயிட் பண்றேன். பெங்களூரு பக்கமா மட்டும் திருப்பிடாதீங்க. பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வர்றது தாங்காது."

ஒரு வருடக்காரர்கள்

எங்களிடம் ஒரு வருடக் கவர் உண்டு, மூன்று வருடக் கவரும் உண்டு. மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் நன்றாகவே மிச்சம். கூட்டத் தெரிந்த எவரும் மூன்றைத்தான் எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். வாரக்கடைசியில் ஊருக்கு ஓடுகிற நம் ஆட்கள் மட்டும் எடுப்பதில்லை.

மேனேஜருக்கு இது விளங்கவே இல்லை. தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்காரர்கள் ஏன் வருடா வருடம் வந்து அதிகக் காசு கொடுத்து ஒரே வருடத்துக்கு எடுக்கிறார்கள், நீ சரியாக எடுத்துச் சொல்வதில்லையா என்று என்னைக் குடைந்தார். எடுத்துச் சொல்லத்தான் செய்கிறேன். பொம்மசந்திராவில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிற முருகேசனிடம் கால்குலேட்டரைத் தட்டியே காட்டினேன். அவர் மனைவி திருப்பத்தூரில் நர்ஸ். இரண்டு பிள்ளைகளும் அவளிடம். இத்தனை வருடமாக நம்பகமாக வருகிற வாடிக்கையாளர். எனக்கே அவரை மூன்று வருடத்துக்குத் தள்ளிவிட ஆசைதான்.

முருகேசன் கால்குலேட்டரை எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், எல்லாம் ஒப்புக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து ஒரு வருடம் என்கிற கட்டத்தில் டிக் அடித்தார். நான் அவரை வற்புறுத்தவில்லை. என் சொந்த வண்டிக்கு ஆறு வருடமாக நான் டிக் அடிப்பதும் அந்தக் கட்டத்தில்தான். அடுத்த கலந்தாய்வில் கிடைத்துவிடும், அப்புறம் இந்தக் கவர் எதற்கு என்று ஒவ்வொரு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஊழியர் என்று எனக்குத் தள்ளுபடி வேறு உண்டு. அதையும் சேர்த்துத்தான் நஷ்டப்படுகிறேன். முருகேசன் படிவத்தை நீட்டிக்கொண்டே சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்:

"மூணு வருஷத்துக்குப் போட்டா, மூணு வருஷம் இப்படியே இருந்துக்கறேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் சார். ஒரு வருஷத்துக்கு மட்டும் போடுங்க."

நடுவில் தேய்ந்த டயர்

எங்கள் சர்வீஸ் அட்வைசர் நயாஸ் சிவாஜிநகர்க்காரர். அங்கே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் உருது, தெருவில் தமிழ், வேலையில் கன்னடம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினாலும் நமக்குப் புரிந்துவிடும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் என் மேஜையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அதற்குக் கூலியாக ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் நான் கிளம்புவதற்கு முன்னால் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். பிரேக்கை அழுத்துவார், செயினைத் தட்டுவார், ஏதாவது குறை சொல்வார். மனசுக்கு நிறைவாகத் திட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

ஒரு சனிக்கிழமை பின் டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். டயரை மாற்ற வேண்டும் என்றார். ஓரமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே, இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமே என்று நான் வாதாடினேன். அவர் என் கையைப் பிடித்து டயரின் நடுவில் வைத்துத் தேய்த்தார். நடுவில் மட்டும் வழவழவென்று தட்டையாகியிருந்தது. ஊருக்குள் சுற்றுகிறவனுக்கு வளைந்து நெளிந்து ஓரமும் சேர்ந்து தேயும், ஹைவேயில் ஓடுகிறவனுக்கு இப்படித்தான் ஆகும், சர்வீசுக்கு வருகிற வண்டிகளில் எது ஊருக்கு ஓடுகிற வண்டி என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இந்த ஊரில் இருக்கிற பூங்காவையோ ஏரியையோ சினிமா தியேட்டரையோ நான் பார்த்ததில்லை. அம்பிகா வந்த பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டே ஆறு வருடம் ஓடிவிட்டது. நயாஸ் அன்றைக்குச் சொன்னது இதுதான்:

"நீ நேரா போறே, நேரா வர்றே. ஆறு வருஷமா இருக்கே, இந்த ஊருலே நீ எங்கேயும் திரும்பினதே இல்லே பா."

ஜோகுபாளையத்து ஜோடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வயதான தம்பதி ஒன்று வந்தது. பெங்களூரு நகருக்குள் ஜோகுபாளையத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். இருவரும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகள் வீடு சந்தாபுராவில் என்பதால் இங்கேயே வண்டி வாங்கியிருந்தார்கள். வண்டி கணவருடைய பைக். அதற்குக் கவர் எடுக்க வேண்டும். எந்தக் கவர் என்பதில்தான் தகராறு.

அவருக்கு இந்தியா முழுவதும் செல்லுபடியாகிற பெரிய திட்டம் வேண்டும். லடாக் போகிற உத்தேசம் இருக்கிறதாம். அந்த அம்மாவுக்கு ஊருக்குள் மட்டும் செல்லுகிற சின்னத் திட்டம் போதும். இவருடைய வண்டி அல்சூர் மார்க்கெட்டைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை, நிற்பதென்றால் வீட்டு வாசலிலேயே நிற்கும், வாசலுக்கு வந்து ஸ்டார்ட் செய்து கொடுப்பீர்களா அதைச் சொல்லு என்று என்னைக் கேட்டார். கணவர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்னிரி" என்று கன்னடத்தில் ஓர் அதட்டல். அவரும் கன்னடத்துக்குத் தாவினார். லடாக்கில் ஆரம்பித்த சண்டை மூட்டுவலிக்குப் போய், காலையில் காபியில் சர்க்கரை போட்டது யார் என்பதில் வந்து, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணத்தில் போய் நின்றது. அவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். வெயில் அதிகம் என்று உடனே உள்ளே வந்தார். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கும் அம்பிகாவுக்கும் சண்டை போட நேரம் கிடைப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்கிறேன், அப்போது எப்படிச் சண்டை போடுவது? ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் திங்கள் விடியற்காலை நான் கிளம்புவதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாரம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான். அதனால் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நல்லபடியாக நடந்துகொள்கிறோம். ஒரு வேலை நாளில், அவசரம் எதுவும் இல்லாமல், காபியில் சர்க்கரை போட்டது யார் என்று ஒரு மணி நேரம் அவளோடு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அந்த அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏன்ப்பா இப்படி முழிச்சுப் பாக்கறே? நீயும் கல்யாணம் ஆனவன்தானே, உன் வீட்ல சண்டையே கிடையாதா?"

ஏழு நாள்

கவர் எடுத்த அன்றே அது அமலுக்கு வராது. ஏழு நாள் ஆக வேண்டும். வண்டி நின்ற பிறகு ரோட்டோரத்தில் இருந்துகொண்டே கவர் வாங்குகிற கெட்டிக்காரர்களுக்காக வைத்த விதி. என் வண்டி புதுசு, அது எங்கே நிற்கப் போகிறது என்று வேண்டாம் என்றவர்கள்தான் இந்த விதியின் அருமையைப் பிறகு தெரிந்துகொள்வார்கள்.

பிரகாஷ் அப்படிச் சொன்னவர். ஒரு சனிக்கிழமை நான் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது சூளகிரியிலிருந்து கூப்பிட்டார். கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது, இப்போதே கவர் போடுங்கள், காசை போனிலேயே அனுப்புகிறேன் என்றார். ஏழு நாள் கதையைச் சொன்னேன். நானும் அந்த வழியாகத்தான் வருகிறேன், வண்டியைப் பக்கத்தில் எங்கேயாவது விட்டுவிட்டு நில்லுங்கள் என்றேன். பஞ்சர் கடையில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, ஒரு பெரிய பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பொம்மையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனோம்.

ஏறியதிலிருந்து மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இறக்கிவிடும்போது, அப்படி என்ன அவசரம், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக் காலையில் போனால் என்ன என்று கேட்டேவிட்டேன். மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் மாமியார் வீட்டில் இருக்கிறார்களாம். பொம்மையின் காதில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பாவுக்கு என்னைப் பழக ஒரு நாள் ஆகுது சார். போன உடனே பாத்து அழுவா. இன்னைக்கே போயிட்டாத்தான் நாளைக்கு மத்தியானமாவது சிரிப்பா, அப்புறம் நான் கிளம்பணும்."

நிழற்குடை

கடைசியில் என் வண்டியும் நின்றது. போன கோடையில் ஒரு சனிக்கிழமை, மத்தூரைத் தாண்டி, மூன்றரை மணி வெயிலில். லைட் இல்லை, ஹார்ன் இல்லை, உயிரே இல்லை. ஊருக்கெல்லாம் கொடுக்கிற நம்பரை நானே கூப்பிட்டேன். "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கவலை, பதற்றப்படாமல் இருங்கள்" என்று ஒரு பெண் பதிந்து வைத்த குரலில் சொன்னாள். அந்த வாசகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். அன்றைக்குத்தான் முதன்முறையாக வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்து கேட்டேன். பதற்றம் கொஞ்சமும் குறையவில்லை.

கிருஷ்ணகிரியில் இருந்த மெக்கானிக் போனிலேயே விசாரித்துவிட்டு, ஒயரிங் போயிருக்கிறது, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். ஏற்றுகிற வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும். வண்டியை அப்படியே விட்டுவிட்டு அரூர் பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றால், உரிமையாளர் நேரில் இருந்துதான் ஒப்படைக்க வேண்டும். எனக்கு முன்னாலேயே இரண்டு பஸ் அரூருக்குப் போயின. அம்பிகாவைக் கூப்பிட்டு, ராத்திரிதான் வருவேன், சாப்பிட்டுவிட்டுப் படு என்றேன். சரி என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து எதிர்த்திசையில் வந்த ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து டிபன் கேரியரோடு அவள் இறங்கினாள். ஊத்தங்கரையில் பஸ் மாறி வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பயணியர் நிழற்குடை இருந்தது. எந்த எம்.எல்.ஏ. நிதியில் கட்டியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சும் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். வீட்டில் என்றால் அந்த நேரத்துக்கு நான் கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருப்பேன், அவள் என் துணியைத் துவைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரத்து வேலையை ஒன்றரை நாளில் முடிக்க வேண்டுமே. இங்கே மாற்றுவதற்கு சிலிண்டர் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒருவன் பின்னக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு விடையை மட்டும் சரியாகக் கொண்டுவந்த கதையை அவள் சொன்னாள். நயாஸின் டயர் ஆராய்ச்சியை நான் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி சிரிக்காமல் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த மாதத்தில் இருவரும் ஒரு வேலையும் இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருப்பது இன்றைக்குத்தான் என்றாள். உண்மைதான். அந்த ஏற்றுகிற வண்டி வழி தெரியாமல் சேலம் பக்கம் போய்விட்டால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வழி தெரிந்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் கம்பெனி இப்படி முந்தி வந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. குட்டி யானையிலிருந்து இறங்கிய டிரைவர் என் வண்டியைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். கயிற்றை எடுக்கப் போனவர் நின்று, தலையைச் சொறிந்தார்.

"அவசரம் இல்லன்னா சொல்லுங்கண்ணா, நான் மத்தூர்ல ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்."

நான் எடுத்த கவர்

இந்த வருடம் என் கவர் முடிகிற வாரமும் கலந்தாய்வு வாரமும் அடுத்தடுத்து வந்தன. புதுப்பிக்காமல் வைத்திருந்தேன். இந்த முறை ஓசூர் பக்கம் மூன்று இடம் காலி என்று அம்பிகா சொல்லியிருந்தாள். வரிசையில் அவள் நான்காவது. முன்னால் இருக்கிறவர்களில் ஒருவர் வேறு ஊர் கேட்டால் போதும். கவர் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை வெறுமனே போய்வந்தேன். ஊருக்கெல்லாம் கவர் விற்கிற ஆள் கவர் இல்லாமல் போகிறானே என்று நயாஸ் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது ஒரு வருடத்துக்குப் போட்டால் இடம் கிடைக்காது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மூடநம்பிக்கை. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

கலந்தாய்வு தருமபுரியில் நடந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆள் ஓசூரை எடுத்தார். இரண்டாவது ஆள் ஓசூரை எடுத்தார். அதற்குப் பிறகு நெடுநேரம் அம்பிகாவிடமிருந்து தகவலே இல்லை. வந்தபோது போனாகவே வந்தது. மூன்றாவது ஆளும் எடுத்துவிட்டார். அந்த டீச்சரின் கணவரும் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறாராம், பதினோரு வருடமாம். திரையில் பெயர் வந்ததும் பக்கத்தில் நின்ற அம்பிகாவையே கட்டிக்கொண்டு அழுதாராம். நானும் அழுதேன், எதற்கு என்று அவங்க கேட்கவில்லை என்றாள் அம்பிகா. மேஜைக்கு எதிரில் ஒருவர் கவரைப் பற்றி விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார். இடித்தால் அது, நின்றால் இது என்று அவருக்குச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் போனபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சுவாக்கில் கவர் போடாத விஷயம் வெளியே வந்துவிட்டது. அம்பிகாவுக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் அபூர்வமாக ஒரு நல்ல சண்டை நடந்தது. போன வாரம் வழியில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றாள். ஒரு வருடத்துக்குப் போடத்தானே போகிறேன் என்றேன். ஏன் ஒரு வருடம், மூன்று வருடம்தானே மிச்சம், இத்தனை நாளாக மூன்று வருடம் போட்டிருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாள். கணக்கு டீச்சரிடம் கணக்குப் பேசித் தப்பிக்க முடியாது. உண்மையைச் சொன்னேன். மூன்று வருடத்துக்குப் போட்டால் மூன்று வருடமும் நீ வரமாட்டாய் என்று ஆகிவிடும், அதற்கு எனக்குக் கை வரவில்லை என்று சொன்னேன்.

அவள் என் போனை எடுத்து என் கையில் கொடுத்து, இப்பவே போடுங்கள் என்றாள். ஊருக்குப் போகிற வழிக்கு மட்டும் பொருந்துகிற, வழக்கமாக எடுக்கிற திட்டத்தை நான் திறந்தபோது, அதை மூடச் சொல்லி, இந்தியா முழுவதும் செல்லுகிற பெரிய திட்டத்தைக் காட்டினாள். பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து உண்டா என்று விசாரித்தாள். எத்தனையோ பேருக்குக் கவர் விற்றிருக்கிறேன், எந்த வாடிக்கையாளரும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதில்லை.

"மூணு வருஷத்துக்கே போடுங்க. நடுவுல எனக்கு இடம் கிடைச்சுட்டா கவர் வீணாப் போகுதுன்னு யாரு சொன்னது? மிச்ச நாளைக்கு என்னைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு எங்கயாவது போங்க, நாம ரெண்டு பேரும் ஒண்ணா அந்த வண்டில அரூரைத் தாண்டினதே இல்ல."

ஆக, என் வண்டி எங்கே நின்றாலும் ஆள் வர மூன்று வருடத்துக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அது சனிக்கிழமைதோறும் அரூருக்கு ஓடுவதை நிறுத்துகிற ஏற்பாடு மட்டும் இன்னும் அடுத்த கலந்தாய்வின் கையில் இருக்கிறது.